மூன்று அறை உண்டியல்: யாருக்கு உதவும், எதுவரை உதவும்

குழந்தைகளுக்குச் சேமிப்புப் பழக்கத்தைக் கற்றுக்கொடுக்க என்று விற்கப்படும் பொருள்களில் இப்போது அதிகம் கண்ணில் படுவது, உள்ளே தடுப்பு வைத்து மூன்றாகப் பிரித்த, உள்ளிருப்பது வெளியே தெரியும் உண்டியல். ஓர் அறை செலவுக்கு, ஓர் அறை சேமிப்புக்கு, ஓர் அறை பிறருக்குக் கொடுப்பதற்கு என்று முகப்பில் எழுதியிருக்கும். பல நிறுவனங்கள் ஏறக்குறைய ஒரே அமைப்பில் இதைச் செய்து விற்பதால், நான் வாங்கிய நிறுவனத்தின் பெயரைச் சொல்வதில் பயனில்லை. ஆறு வயதில் ஒரு மகனும் ஒன்பது வயதில் ஒரு மகளும் உள்ள எங்கள் வீட்டில் இது நெடுநாளாகப் புழங்குகிறது. காசு போடப் போட மூடியில் தொகை காட்டும் டிஜிட்டல் உண்டியலும், உடைத்தால் மட்டுமே காசு கிடைக்கும் மண் உண்டியலும்கூட எங்கள் வீட்டில் இருந்திருக்கின்றன. இந்த மதிப்புரை மூன்று அறை உண்டியலைப் பற்றியது. மற்ற இரண்டும் ஒப்பிடத் தேவைப்படும் இடங்களில் மட்டும் வரும்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு குழந்தையின் உண்டியல் எவ்வளவு கொள்ளும், எவ்வளவு அழகாக இருக்கிறது, எத்தனை ஆண்டு உழைக்கும் என்பவையெல்லாம் இரண்டாம்பட்சம். அதிலிருந்து காசை வெளியே எடுக்கும் முடிவு யார் கையில் இருக்கிறது என்பதுதான் அதன் தரத்தைத் தீர்மானிக்கிறது. அந்த வகையில் மூன்று அறை உண்டியல் நல்ல பொருள். ஆனால் அதனோடு வரும் கையேடு சொல்லும் காரணங்களுக்காக அல்ல.

பொருளை முதலில் பார்ப்போம். நாங்கள் வாங்கியது தடிமனான அக்ரிலிக் பெட்டி. மேல்புறம் மூன்று வாய்கள். அடியில் ஒவ்வோர் அறைக்கும் தனித்தனியாகத் திருகு மூடி. முகப்பில் ஒரு படத்தைச் செருகி வைக்கச் சிறிய சட்டம் இருக்கிறது. எதற்காகச் சேர்க்கிறோமோ அந்தப் பொருளின் படத்தைக் குழந்தை வரைந்தோ வெட்டியோ அதில் வைக்கலாம். நாணயம் உரசி உரசி அக்ரிலிக்கின் உட்புறம் சில மாதங்களிலேயே மங்கிவிடுகிறது, வெளிப்புறத்தில் தூசி ஒட்டிக்கொள்கிறது. இவை பெரிய குறைகள் அல்ல. பெரிய குறை வாயின் அளவு. நாணயத்துக்கென்று வெட்டிய வாயில் தாளை நான்காக மடித்துத்தான் நுழைக்க முடிகிறது. மடித்த தாள் பாதியில் சிக்கிக்கொள்ள, அதை அளவுகோலால் உள்ளே தள்ள வேண்டியிருக்கிறது. சற்று நீளமாக வெட்டியிருந்தால் தீர்ந்திருக்கும் இந்தத் தொல்லையை, தாள் பணத்தையே பார்த்திராத ஒருவர்தான் வடிவமைப்பில் விட்டிருக்க முடியும். கூடவே வரும் ஸ்டிக்கர்கள் ஒரு வாரம்கூட ஒட்டியிருப்பதில்லை.

திருகு மூடிகளுக்கு வருகிறேன். இந்தப் பொருளின் சிறப்பு அங்கேதான் இருக்கிறது. ஆறு வயதுக் குழந்தை யாருடைய உதவியும் இல்லாமல் அதைத் திறக்கலாம். இதைக் குறையாகச் சொல்லும் பெற்றோர் பலர். எளிதில் திறக்க முடிந்தால் எப்படிச் சேமிப்பான் என்று கேட்பார்கள். பழங்கால உண்டியல்களும் அவர்கள் பக்கம்தான். இன்றைய துருக்கியில் உள்ள பிரியேனி என்ற பழைய கிரேக்க நகரில் கிடைத்த, கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் கோயில் வடிவச் சுடுமண் பெட்டி ஒன்று பெர்லின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காசு போட மேலே ஒரு கீறல். கிழக்கு ஜாவாவின் மஜாபாகித் அரசில் 14, 15ஆம் நூற்றாண்டுகளில் செய்யப்பட்ட பன்றி வடிவச் சுடுமண் உண்டியல்கள் பலவும் ஓடுகளாகத்தான் கிடைத்திருக்கின்றன, ஏனென்றால் காசை எடுக்க உடைப்பதைத் தவிர வழியில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல நாட்டு வங்கிகள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய சிறிய இரும்புப் பெட்டிகளின் சாவியோ வங்கியிலேயே இருக்கும். பெட்டி நிறைந்ததும் வங்கிக்கு எடுத்துச் சென்று அங்கே திறந்து, தொகையைக் கணக்கில் வரவு வைத்துக்கொண்டு வர வேண்டும். 1924இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய பன்னாட்டுச் சேமிப்பு வங்கிகள் மாநாடு அக்டோபர் 31ஐ உலகச் சேமிப்பு நாளாக அறிவித்ததற்குப் பின்னால் இருந்ததும், காசு உள்ளே போனால் போதும் என்ற இதே நோக்கம்தான்.

வங்கிக்கு அந்த நோக்கம் பொருந்தும், பணம் உள்ளே போவதுதான் அதன் தொழில். குழந்தைக்குப் பொருந்துமா என்பது எனக்கு ஐயமாகவே இருக்கிறது. திறக்க முடியாத உண்டியலில் காசு போடும் குழந்தை ஒரே ஒரு முடிவைத்தான் எடுக்கிறது, அதுவும் பெரும்பாலும் பெரியவர்கள் சொல்லி எடுக்கிறது. போட்ட பிறகு அதற்கு வேலை ஏதுமில்லை. எங்கள் மண் உண்டியலின் கதி அப்படித்தான் இருந்தது. அலமாரியின் மேல்தட்டில் அது இருந்த காலம் முழுவதும் இரு குழந்தைகளும் அதை மறந்திருந்தார்கள். உடைத்த நாளில் வீடே கொண்டாடியது, கிடைத்த காசு மறுநாள் மாலைக்குள் கரைந்தது. எடுக்கலாம் என்ற வாய்ப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது எடுக்காமல் இருப்பதுதான் சேமிப்பு. அந்த வாய்ப்பே இல்லாத இடத்தில் நடப்பதைக் காத்திருப்பு என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அறைகளாகப் பிரிப்பதில் என்ன பயன் என்பதற்கு நல்ல விளக்கம் பொருளியலில் இருக்கிறது. 2017இல் நோபல் பெற்ற ரிச்சர்ட் தேலர், மனிதர்கள் பணத்தை ஒரே தொகையாக நினைப்பதில்லை, மனத்துக்குள் தனித்தனிக் கணக்குகளாக வைத்து ஒவ்வொன்றையும் வெவ்வேறு விதமாக நடத்துகிறார்கள் என்று 1980களிலேயே எழுதினார். திலீப் சோமனும் அமர் சீமாவும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், இந்தியக் கிராமப்புறத் தொழிலாளர்களின் சேமிப்புத் தொகையை உறையில் இட்டுக் கொடுத்துப் பார்த்தார்கள். முழுத் தொகையும் ஒரே உறையில் இருந்தவர்களைவிட இரண்டு உறைகளாகப் பிரித்துப் பெற்றவர்கள் அதிகம் சேமித்தார்கள். உறையின் மேல் அவர்களுடைய பிள்ளைகளின் படம் இருந்தபோது சேமிப்பு இன்னும் கூடியது. ஓர் உறையைப் பிரித்துவிட்டால் அதில் உள்ளதைச் செலவழிக்க மனம் இடம் கொடுத்துவிடுகிறது, அடுத்த உறையைப் பிரிக்க மறுபடியும் ஒரு முடிவு தேவைப்படுகிறது. மூன்று அறை உண்டியலின் தடுப்புச் சுவர் செய்வதும், முகப்பில் உள்ள படச்சட்டம் செய்வதும் இதே வேலைதான். அந்தச் சட்டம் அலங்காரத்துக்கு என்று பலர் வெறுமையாக விட்டுவிடுகிறார்கள்; அது இல்லாவிட்டால் பாதிப் பெட்டி வீண் என்பேன்.

என் மகன் தன் படச்சட்டத்தில் வைத்திருப்பது அவனே வரைந்த ஒரு பொம்மை லாரி. சக்கரங்கள் மட்டும் ஏழு. செலவு அறை காலியான ஒரு மாலையில் அவன் சேமிப்பு அறையின் மூடியைப் பாதிவரை திருகினான், பெட்டியைத் தன் பக்கம் திருப்பி லாரியைப் பார்த்தான், மூடியை மறுபடி இறுக்கிவிட்டு எழுந்து போனான். நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. எத்தனை முறை அறிவுரை சொன்னாலும் கிடைக்காத பயிற்சி அந்த அரைத் திருகலில் கிடைத்துவிட்டது. வேறு சில நாள்களில் அவன் முழுவதும் திருகித் திறந்து எடுத்ததும் உண்டு. லாரி அதனால் தள்ளிப்போனது, அதையும் அவனே தாங்கிக்கொண்டான்.

காசை எந்த விகிதத்தில் பிரிப்பது என்பதில் கையேடு தடுமாறுகிறது. வரும் காசை மூன்று சம பங்காகப் போடச் சொல்கிறது. கணக்குக்கு எளிதாக இருக்கிறது என்பதைத் தவிர இதற்குக் காரணம் ஏதும் எனக்குத் தெரியவில்லை. கைச்செலவுக்குக் கிடைக்கும் காசில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் செலவழி என்று எந்தப் பெரியவரிடமாவது சொல்லிப் பார்க்கட்டும். எங்கள் வீட்டில் விகிதத்தைக் குழந்தைகளே முடிவு செய்கிறார்கள். சேமிப்பு அறையில் ஏதாவது விழ வேண்டும் என்பது மட்டும் விதி. மகள் பாதியைச் சேமிப்பில் போடுகிறாள், மகன் பெரும்பாலும் ஒற்றை நாணயம் போடுகிறான். அதுவும் சரியே.

உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரிவதுதான் இந்த உண்டியலின் மிகப் பெரிய விளம்பரம். மண் உண்டியலில் இல்லாத நன்மைதான் அது, மறுக்கவில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரிவது பணத்தின் மதிப்பா, நாணயக் குவியலின் உயரமா என்று கேட்க வேண்டும். வரிசையாக வைத்த வில்லைகளை இடைவெளி விட்டுப் பரப்பினால் எண்ணிக்கை கூடிவிட்டது என்று சிறு குழந்தைகள் சொல்வதை உளவியலாளர் ஜான் பியாஜே காட்டினார். ஆறு, ஏழு வயதை ஒட்டித்தான் பெரும்பாலான குழந்தைகள் இதிலிருந்து வெளியே வருகிறார்கள். பணம் இதைவிடச் சிக்கலானது, ஏனென்றால் எண்ணிக்கை மாறாமல் இருப்பதோடு நிற்காது, ஒரு நாணயம் இன்னொரு நாணயத்தைப் போலப் பல மடங்கு பெறுமானமும் உடையது. பெரிய நாணயம் சிறிய நாணயத்தைவிட மதிப்புக் குறைந்ததாகவும் இருக்கலாம்.

சேமிப்பு அறை நிரம்பி வழிந்தபோது, இடம் உண்டாக்குவதற்காகப் பத்து நாணயங்களை எடுத்துக்கொண்டு அவற்றுக்கு ஈடான ஒரு தாளை மகனிடம் கொடுத்தேன். பெட்டிக்குள் குவியல் சட்டென்று தாழ்ந்தது. அவன் முகமும் தாழ்ந்தது. “பத்துக் குடுத்தேன், ஒண்ணுதான் தர்றியேம்மா” என்றான். தாளையும் நாணயங்களையும் அருகருகே வைத்து விளக்கினேன். தலையாட்டினான், ஆனால் தூங்கப் போகும் முன் நாணயங்களைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. உயரம்தான் செல்வம் என்று தினமும் சொல்லிக்கொடுத்தது அந்தப் பெட்டி. மகளுக்கு இதே மாற்றம் ஒரு சிக்கலாகவே படவில்லை, தாள் எளிதில் தொலையும் என்பதுதான் அவள் கவலை. ஆகவே ஏழு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு இந்த உண்டியலை வாங்குபவர்கள் ஒரே மதிப்புள்ள நாணயங்களாகவே கைச்செலவுக் காசைக் கொடுப்பது நல்லது. அப்போது உயரமும் மதிப்பும் ஒன்றோடொன்று முரண்படாது. இந்த எளிய யோசனை கையேட்டில் எங்கும் இல்லை.

தொகை காட்டும் டிஜிட்டல் உண்டியல் இந்த முரணைத் தீர்க்கும் என்று எதிர்பார்ப்போம். நாணயத்தின் விட்டத்தை அளந்து அதன் மதிப்பை அறிந்து கூட்டிக்கொள்ளும் கருவி அதன் மூடியில் இருக்கிறது. நாணயத்தை நிதானமாக, ஒவ்வொன்றாக, நேராகத் தள்ளினால் சரியாகக் கணக்கிடுகிறது. குழந்தைகள் அப்படித் தள்ளுவதில்லை. இரண்டைச் சேர்த்துத் தள்ளினால் ஒன்றாக எண்ணுகிறது, பாதி தள்ளி வெளியே இழுத்துவிட்டால் உள்ளே வராத காசையும் சேர்த்துக்கொள்கிறது. என் மகன் இதைக் கண்டுபிடித்த நாளில் ஒரே நாணயத்தால் பெரும் செல்வன் ஆனான். தாளை அதனால் அறிய முடியாது, பொத்தானை அழுத்தி நாமே தொகையைச் சேர்க்க வேண்டும். காசை எடுத்தால் கழிக்கவும் தனிப் பொத்தான் உண்டு, அதை அழுத்த யாருக்கும் நினைவு வருவதில்லை. பேட்டரி மாற்றும்போது கணக்கு பூஜ்யத்துக்குப் போய்விடுவது இத்தகைய உண்டியல்கள் பலவற்றின் பொதுக் குணம். அன்று மாலை முழுவதையும் தரையில் காசைக் கொட்டி எண்ணுவதில் கழித்தோம், சொல்லப்போனால் அந்த உண்டியல் எங்களுக்குத் தந்த மிகச் சிறந்த பாடம் அதுதான்.

பேட்டரியைப் பற்றி இன்னொன்று, இது விளையாட்டல்ல. வட்டமான பொத்தான் பேட்டரி போட்டு இயங்கும் உண்டியலாக இருந்தால், பேட்டரி அறையின் மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே வாங்குங்கள். குழந்தை அதை விழுங்கி, அது உணவுக்குழாயில் தங்கிவிட்டால் 2 மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண்ணை உண்டாக்கிவிடும். உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அவசரம் அது. குழந்தைகள் விழுங்கும் அந்நியப் பொருள்களில் முதலிடம் நாணயத்துக்கே என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் வாயில் வைக்கும் வயதில் குழந்தை இருக்கும் வீட்டில், எளிதில் திறக்கும் திருகு மூடி ஒரு சிறப்பே அல்ல.

கையேட்டின் முதல் பக்கத்தில் மார்ஷ்மெல்லோ சோதனை இடம்பெற்றிருக்கிறது. குழந்தை வளர்ப்புப் பொருள்களில் இது இல்லாத கையேட்டை நான் பார்த்ததில்லை. வால்டர் மிஷல் 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் நடத்திய அந்தச் சோதனைகளில், ஒரு மிட்டாயை உடனே தின்னாமல் காத்திருந்தால் இரண்டு கிடைக்கும் என்று குழந்தைகளிடம் சொன்னார்கள். காத்திருந்தவர்கள் பின்னாளில் படிப்பில் சிறந்தார்கள் என்று பிறகு எழுதப்பட்டது. அதோடு கையேடு நின்றுவிடுகிறது. டைலர் வாட்ஸும் உடன் ஆய்வாளர்களும் 900க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவுகளைக் கொண்டு 2018இல் வெளியிட்ட ஆய்வில், அந்தத் தொடர்பு முன்பு சொல்லப்பட்டதில் பாதியளவே இருந்தது. குடும்பப் பின்னணியையும் கணக்கில் எடுத்துக்கொண்டபோது அதிலும் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது.

உண்டியல் வாங்குபவருக்கு இதைவிடப் பயன்படும் ஆய்வு வேறொன்று. ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் செலஸ்ட் கிட்டும் அவருடைய குழுவினரும் 2013இல் வெளியிட்டது. மிட்டாய்ச் சோதனைக்கு முன்னால், வண்ணம் தீட்ட நல்ல பொருள்கள் கொண்டுவருகிறேன் என்று ஒரு பெரியவர் குழந்தையிடம் வாக்களிக்கிறார். பாதிக் குழந்தைகளுக்குச் சொன்னபடி கொண்டுவந்து தருகிறார். மீதிப் பாதியிடம் வெறுங்கையோடு வந்து, இல்லையாம், மன்னித்துவிடு என்கிறார். அதன் பிறகு மிட்டாய்க்காக முதல் குழுவினர் சராசரியாக 12 நிமிடம் அளவுக்குக் காத்திருந்தார்கள், இரண்டாம் குழுவினர் 3 நிமிடம்தான். மொத்தம் 28 குழந்தைகளே என்பதால் இதை அளவுக்கு மீறிப் பெரிதாக்கக் கூடாது. ஆனாலும் காத்திருப்பது குழந்தையின் குணத்தை மட்டும் பொறுத்ததல்ல, காத்திருக்கச் சொல்லும் பெரியவரின் வாக்கு நாணயத்தையும் பொறுத்தது என்பதை மறுக்க வழியில்லை.

இது நேரே திருகு மூடிக்கு வருகிறது. எளிதில் திறக்கும் உண்டியல் குழந்தைக்கு மட்டும் எளிதில் திறப்பதில்லை. வாசலில் யாரோ சில்லறை கேட்டு நிற்கும்போது வீட்டில் சில்லறை இருக்கும் ஒரே இடம் குழந்தையின் உண்டியல்தான். எடுத்துக்கொண்டு பிறகு போட்டுவிடலாம் என்று எல்லா வீட்டிலும் நினைக்கிறார்கள். பாதி வீட்டில் மறந்துபோகிறார்கள். குழந்தை அதைக் கவனிக்காது என்பது பெரியவர்களின் கற்பனை, உள்ளிருப்பது தெரியும் பெட்டியில் ஒரு விரற்கடை குறைந்தாலும் என் மகன் கண்டுபிடித்துவிடுவான். ஆகவே எடுக்க நேர்ந்தால் குழந்தையைக் கேட்டு எடுக்க வேண்டும், மறுத்தால் விட்டுவிட வேண்டும், எடுத்த தொகையைச் சீட்டில் எழுதி உள்ளே போட வேண்டும். பூட்டுள்ள மாதிரியும் விற்பனையில் இருக்கிறது. அதன் சாவி குழந்தையிடம் இருக்குமானால் அதையே பரிந்துரைப்பேன். பெற்றோரிடம் இருக்குமானால் அது பழைய இரும்புப் பெட்டிதான்.

கையேட்டின் மற்ற அச்சுறுத்தல், ஏழு வயதுக்குள் பணப் பழக்கம் படிந்துவிடும் என்பது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டேவிட் வைட்பிரெட்டும் சூ பிங்ஹாமும் 2013இல் எழுதிய அறிக்கையிலிருந்து பரவிய செய்தி இது. அந்த அறிக்கை ஏற்கெனவே வந்திருந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது, குழந்தைகளை ஏழு வயதிலிருந்து பின்தொடர்ந்து சென்று அளந்ததல்ல. எட்டு வயதுக் குழந்தையின் பெற்றோர் இதைப் படித்துவிட்டுக் கலங்க வேண்டாம். என் மகள் உண்டியலைக் கையில் எடுத்ததே ஏழு கடந்த பிறகுதான்.

வீட்டு வேலைக்குக் காசு கொடுத்து உண்டியலை நிரப்புங்கள் என்று கையேடு ஓர் அட்டவணையே போட்டிருக்கிறது: படுக்கையை மடித்தால் இத்தனை, பாத்திரம் எடுத்து வைத்தால் இத்தனை. நான் அதைக் கிழித்துவிட்டேன். மார்க் லெப்பரும் உடன் ஆய்வாளர்களும் 1973இல் வெளியிட்ட ஆய்வில், படம் வரைவதை இயல்பாக விரும்பிய மழலையர் சிலருக்கு வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். பிறகு சான்றிதழ் இல்லாதபோது அவர்கள் வரைவதில் செலவிட்ட நேரம், பரிசையே எதிர்பார்க்காத குழந்தைகள் செலவிட்டதில் ஏறக்குறைய பாதிதான். தன் தட்டைத் தானே எடுத்து வைப்பது காசுக்குரிய வேலை என்று ஒருமுறை பதிந்துவிட்டால், காசு வேண்டாதபோது தட்டும் அங்கேயே இருக்கும். வாரம் ஒருமுறை, குறித்த நாளில், குறித்த தொகையை நிபந்தனையின்றிக் கொடுப்பதே உண்டியலோடு நன்றாகப் பொருந்துகிறது. வருவது உறுதியாக இருந்தால்தான் குழந்தையால் திட்டம் போட முடியும். வழக்கத்துக்கு மேற்பட்ட பெரிய வேலைக்குத் தனியாகக் காசு கொடுப்பதில் எனக்குத் தடையில்லை.

இந்த உண்டியலால் கற்றுக்கொடுக்கவே முடியாதது வட்டி. பெட்டியில் போட்ட பத்து, பத்தாண்டு கழித்தும் பத்துதான், விலைவாசி ஏற ஏற உண்மையில் அதைவிடக் குறைவு. மகளுக்கு இதைக் காட்ட நாங்கள் ஓர் ஏற்பாடு செய்தோம்: மாதக் கடைசியில் சேமிப்பு அறையில் உள்ள முழுப் பத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நாணயம் வட்டி. இதைத் தாளில் எழுதிப் பார்ப்பதே ஒரு நல்ல விளையாட்டு. 20 நாணயத்தில் தொடங்கி, வேறு எதுவும் போடாமல் எடுக்காமல் இருந்தால், 30ஐத் தொட 5 மாதம் ஆகும். அங்கிருந்து 40ஐத் தாண்ட 4 மாதம். அதன் பிறகு 50ஐத் தொட 2 மாதமே போதும். கூட்டு வட்டி என்று பெயர் சொல்லி விளக்கத் தேவையே இருக்கவில்லை. மகள் அடுத்தடுத்த மாதங்களையும் தானே எழுதி, 24ஆம் மாதத்தில் 163 ஆகும் என்று கண்டுபிடித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு அச்சம் தோன்றியது. எந்த வங்கியும் இந்த விகிதத்தில் கொடுக்காது. கொடுத்தால் அந்த வங்கி இருக்காது. ஆகவே தொடங்கும்போதே ஓர் உச்சவரம்பு வைத்துவிடுங்கள், அதைத் தாண்டியதும் காசு வங்கிக் கணக்குக்குப் போகட்டும்.

மூன்றாவது அறையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. யாருக்குக் கொடுக்கப் போகிறோம் என்பது முன்கூட்டியே தெரியாவிட்டால் அது தேங்கிக் கிடக்கிறது. மகள் தெருநாய்களுக்கான மருத்துவச் செலவு என்று தானே சீட்டு எழுதி ஒட்டிய பிறகுதான் அதில் காசு விழத் தொடங்கியது. படச்சட்டம் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு வைத்திருந்தால், இரண்டாவதை இங்கே ஒட்டியிருக்கலாம்.

பத்து வயதை நெருங்கும்போது இந்த உண்டியலின் பயன் மெல்லக் குறைகிறது, ஏனென்றால் குழந்தை காணும் உலகத்தில் நாணயமே குறைந்துவருகிறது. பெரியவர்கள் கார்டையும் கைப்பேசியையும் நீட்டுகிறார்கள், எதுவும் கை மாறுவதாகக் குழந்தைக்குத் தெரிவதில்லை. பெரியவர்களுக்கே அது கை மாறுவதாகத் தோன்றுவதில்லை என்பதுதான் உண்மை: மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் டிராசன் பிரெலெக்கும் டங்கன் சிமெஸ்டரும் 2001இல் வெளியிட்ட சோதனையில், விளையாட்டுப் போட்டிச் சீட்டுக்கு ஏலம் கேட்டவர்கள், கார்டில் செலுத்தலாம் என்றபோது, ரொக்கமாகச் செலுத்த வேண்டியவர்கள் சொன்னதைப்போல் இரு மடங்குவரை விலை சொன்னார்கள். குழந்தைகளுக்கான பிரீபெய்ட் கார்டுகளும் செயலிகளும் இந்த இடத்தை நிரப்ப வந்திருக்கின்றன. அவற்றில் இருப்பும் செலவும் துல்லியமாகத் தெரிகின்றன, வட்டியும் கணக்கிட்டுக் காட்டப்படுகிறது. மாதக் கட்டணம் வாங்கும் சேவையாக இருந்தால், குழந்தையின் சிறு சேமிப்பில் அந்தக் கட்டணம் எத்தனை பங்கு என்று முதலில் கணக்குப் பாருங்கள். சேமிக்கக் கற்றுக்கொடுப்பதற்குச் சேமிப்பையே விலையாகக் கேட்பவை சில இருக்கின்றன. ஒவ்வொரு செலவும் உடனுக்குடன் பெற்றோரின் கைப்பேசிக்குச் செய்தியாக வருவதும் எனக்கு ஒப்பவில்லை. திருகு மூடியை அரைத் திருகலில் நிறுத்தும் வாய்ப்பு அங்கே இல்லை, யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற உணர்வுதான் இருக்கிறது.

மகளுக்கு நாங்கள் இப்போதைக்கு ஒரு நோட்டு கொடுத்திருக்கிறோம். வரவு இடப்பக்கம், செலவு வலப்பக்கம், ஒவ்வொரு ஞாயிறும் இருப்பை எண்ணிச் சரிபார்க்க வேண்டும். சரிபார்க்கும்போது பெரும்பாலும் சிறிது உதைக்கிறது. எங்கே போனது என்று அவளே தேடுகிறாள், கிடைக்காவிட்டால் ‘தெரியவில்லை’ என்று ஒரு வரி எழுதிக் கழித்துவிடுகிறாள்.

ஐந்திலிருந்து ஒன்பது வயதுவரை உள்ள குழந்தைக்கு மூன்று அறை உண்டியலைத் தயங்காமல் வாங்கலாம். வாங்கும்போது வாயின் நீளத்தையும் மூடி தனித்தனியா என்பதையும் பாருங்கள்; மூன்று அறைக்கும் ஒரே மூடி உள்ள மாதிரியில் ஒன்றைத் திறந்தால் மூன்றும் கொட்டும், பிரித்ததன் பயனே போய்விடும். வீட்டில் இரண்டு குழந்தைகள் இருந்தால் ஆளுக்கு ஒன்று வேண்டும். ஒரே பெட்டியை இருவருக்கும் பங்கிட்டுக் கொடுத்தால் அடுத்தவர் எடுத்துவிடுவார் என்ற அச்சமே முதலில் எடுக்கத் தூண்டும். இரண்டு வாங்க மனமில்லாவிட்டால், அகன்ற வாயுள்ள மூன்று பிளாஸ்டிக் டப்பாக்களை வரிசையாக வைத்து, நடுவில் உள்ளதன் மேல் குழந்தை வரைந்த படத்தை ஒட்டினால் வேலை நடந்துவிடும். தாளையும் மடிக்க வேண்டியிருக்காது.